விரிசல் விழுந்த வெற்றிலை: கூடலூர்ப் பாதையில் பதினோரு நாள்

கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நான் போகவில்லை. ஆத்திரத்தில் போனேன். அங்கே போக நினைக்கிறவர்களுக்கு வழியும் செலவும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். நடுநடுவே கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அது இன்னும் ஆறவில்லை.

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதுரையில் எங்கள் சோடாக் கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது. கூடலூருக்கு நாங்கள் அனுப்பிய பன்னிரண்டு கூடை சோடாவைப் போலீசார் பிடித்து உத்தமபாளையம் கச்சேரியில், அதாவது மாஜிஸ்திரேட் கோர்ட்டில், வைத்துவிட்டார்களாம். காரணம், போத்தலில் ஒட்டியிருப்பது போலி வியாபாரக் குறியாம். கூடலூர்ச் சோடாக்காரர் சீனிச்சாமி என்பவரின் குறியை நாங்கள் திருடிவிட்டோமாம். அடுத்த வாரம் புதன்கிழமை விசாரணை. தோற்றால் தண்டனை ஒருபுறம் இருக்க, அந்தக் குறியை இனி நான் எங்கும் ஒட்ட முடியாது.

என் குறியை நானே திருடினேனாம்! கடிதத்தைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

அந்தக் குறியை வரைந்தது நான். மரக்கட்டையில் வெட்டியதும் நான். சோடா இயந்திரம் வாங்குவதற்கு முன் பத்து வருஷம் அச்சுக்கூடத்தில் படக்கட்டை வெட்டிப் பிழைத்தவன். காம்பு மேலேயும் நுனி கீழேயுமாக ஒரு வெற்றிலை. பச்சையில் இல்லை, சிவப்பில். வெறும் சிவப்பு பளிச்சென்று இருக்கிறது என்று கொஞ்சம் விளக்குக்கரி சேர்த்து, வெற்றிலை போட்ட நாக்கின் நிறம் வரும்வரை நாலு நாள் மை குழைத்தேன். இலையின் குறுக்கே ‘மதுரை இஞ்சிச் சோடா’ என்று வெள்ளை எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் கொடி போல வால் நீட்டி, ஒன்றோடொன்று பின்னிவிட்டிருந்தேன். அந்த எழுத்தைப் போல மதுரையில் ஒருவனும் வெட்ட முடியாது என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

ஒரே ஒரு குறை. முதல் மாதமே கட்டை உலர்ந்து, இலையின் இடது பக்கத்தில் நெல் அளவுக்கு விரிசல் விட்டது. அச்சில் அது சிவப்புக்குள் வெள்ளைக் கீறலாக விழும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். ஆனாலும் புதுக்கட்டை வெட்ட நேரமில்லாமல் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மதுரை வக்கீல் ஒருவரிடம் ஓடினேன். அவர் சொன்னதை வியாபாரிகள் கவனித்துக்கொள்ளுங்கள். வியாபாரக் குறிகளைப் பதிந்துவைக்க நம் தேசத்தில் தனிப் புத்தகம் கிடையாது. ஆனால் போலிக் குறி ஒட்டினால் தண்டிக்கச் சர்க்கார் சட்டம் போட்டு மூன்று வருஷமாகிறது. குறி தன்னுடையது என்று ஒருவர் ரிஜிஸ்திரார் ஆபீசில் உறுதிப் பத்திரம் எழுதிப் பதிந்துகொள்ளலாம். சீனிச்சாமி போன ஆடியில் பதிந்துவிட்டார். நான் பதியவில்லை.

“பதிந்ததனால் மட்டும் அவருக்குச் சொந்தமாகிவிடாது. முதலில் யார் ஒட்டி விற்றது என்பதுதான் கேள்வி. ஆடிக்கு முன்பே உம்முடைய குறி அந்தப் பக்கம் புழங்கியது என்று காட்ட வேண்டும். உம்முடைய ஆட்களைச் சாட்சிக்கு நிறுத்தினால் எடுபடாது” என்றார் வக்கீல்.

மறுநாள் புதன்கிழமை விடிய நாலு மணிக்கு மதுரையிலிருந்து கூண்டு வண்டியில் கிளம்பினேன். போக வர வண்டிக்கும் மாட்டுத் தீனிக்கும் சேர்த்துப் பதினான்கு ரூபாய் பேச்சு. வண்டிக்காரர் மாயாண்டி, மயிலாடும்பாறைக்காரர். எங்கள் சோடாவைப் பல தடவை பள்ளத்தாக்குக்கு ஏற்றிப் போனவர். அவரையே சாட்சியாக்கலாம் என்றால், கூலி வாங்குகிறவர் என்று தள்ளிவிடுவார்கள்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி இருபத்துநாலு மைல். செக்கானூரணியில் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போனால் பிற்பகல் மூன்றரைக்குச் சேரலாம். மறுநாள் விடிய ஐந்துக்குக் கிளம்பி, கணவாய் ஏறி இறங்கி, ஆண்டிபட்டிக்குப் பதினொன்றரை. அது பதின்மூன்று மைல். கணவாய் ஏற்றத்தில் இறங்கி நடந்துவிடுங்கள், மாடும் உங்களை வாழ்த்தும். அங்கிருந்து பத்து மைல் தேனி. தேனி சின்ன ஊர்தான், அல்லிநகரத்தை ஒட்டி நாலு தெரு. இரவு தங்கக் கடை வராந்தா கிடைத்தது, ஒரு அணா. வழி நெடுக மேற்கு மலை நீலமாக நின்றது. நல்ல காட்சி என்று சொல்கிறார்கள். நான் சீனிச்சாமியைக் கேட்க வேண்டிய கேள்விகளை அடுக்கிக்கொண்டே வந்ததால் சரியாகப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பதினான்கு மைல் போய்ச் சின்னமனூர். அங்கே பாதையின் இருபுறமும் வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி நிழலில் கொடி ஏறி, வண்டிக்குள் வரைக்கும் குளிர்ச்சி அடித்தது. இந்த இலைதானே எனக்கு வினையாக வந்தது என்று எரிந்துகொண்டே நூறு இலை கொண்ட ஒரு கவுளி வாங்கி, ஒன்றிரண்டைப் போட்டுக்கொண்டேன். பிரமாதமான வெற்றிலை.

உத்தமபாளையம் அங்கிருந்து ஐந்து மைலுக்குள்தான். கச்சேரித் தாழ்வாரத்தில் என் பன்னிரண்டு கூடையும் வெயிலில் கிடந்தன. ஏட்டு ஒருவர் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று என்னுடையது, மற்றது சீனிச்சாமியுடையது. அதே இலை, அதே சிவப்பு, அதே வால் எழுத்து. எழுத்தில் ‘மதுரை’ இருந்த இடத்தில் மட்டும் ‘கூடலூர்’. பின்னலுக்குள் அது யார் கண்ணிலும் படாது. விரிசல் இல்லை.

“அய்யா கோவிச்சுக்கிறாதீக. ரெண்டையும் பாருங்க. அவுக காயிதம் சுத்தமா இருக்கு. ஒங்க காயிதத்துல கீறல் விழுந்திருக்கு. பாத்து அடிக்கிறதுலதான பெசகு வரும்?” என்றார் ஏட்டு.

 திருடியவன் என் தப்பைத் திருத்தித் திருடியிருக்கிறான். அதனால் அவன் அசல், நான் நகல்!

சனிக்கிழமை கூடலூர் போனேன். உத்தமபாளையத்திலிருந்து பன்னிரண்டு மைல், நடுவில் கம்பம். கூடலூர்தான் தமிழ்ப் பக்கம் கடைசி ஊர். அதற்கு மேல் மலை, குமுளி, மலையாளம். பெரியாற்று அணை வேலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் சுண்ணாம்பு வண்டிகளுமாக ஊர் இரைச்சலாக இருந்தது. சோடாவுக்கு ஏன் அடிதடி என்று ஒரு பார்வையில் விளங்கிவிடும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து மேலே கிடைக்கிற தண்ணீரை ஒருவரும் நம்புவதில்லை.

சீனிச்சாமி என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், சாந்தமான முகம்.

“வாங்க வாங்க. வெயில்ல வந்திருக்கீக. முதல்ல ஒரு சோடா குடிங்க.”

என் இலை ஒட்டிய போத்தலை எனக்கே உடைத்துக் கொடுத்தார். தாகம், குடித்துவிட்டேன். எங்களுடையதைவிடக் காரம் தூக்கல், நன்றாகவே இருந்தது. அது இன்னும் எரிச்சலாகப் போனது.

“இவ்வளவு நல்ல சோடா போடத் தெரிந்தவருக்குச் சொந்தமாக ஒரு படம் போடத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“வெத்தில எங்க சீமையில வெளையிற சரக்கு அய்யா. சின்னமனூரைத் தாண்டித்தான வந்தீக? மதுரையில எங்கன இருக்கு கொடிக்காலு?”

“சோழவந்தான் என்று ஒரு ஊர் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?”

“இருக்கட்டும். இங்கன சனம் போத்தல்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்தா வாங்குது? செவப்பு எல இருக்கான்னு பாக்குது. அம்புட்டுத்தான். நான் ஒட்டாட்டி இன்னொருத்தன் ஒட்டுவான். நான் முறையாப் பதிஞ்சுல்ல ஒட்டுறேன்!”

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அது இங்கே பத்திரப் பதிவோடு நடக்கிறது. நான் கத்தியதை எழுத முடியாது. கூட்டம் கூடிவிட்டது. மாயாண்டி என் தோளைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்.

இரவு தங்கக் கம்பத்துக்குத் திரும்பினோம். வழியில் மாயாண்டி தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

“மொதலாளி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிற மாட்டீகளே? அனுமந்தன்பட்டியில ஒரு வீட்டுல ஒங்க காயிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்காக. பூவெல்லாம் வச்சிருக்காக. ரெண்டு மூணு வருசமா இருக்கு.”

“ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?”

“சொல்ற மாதிரி எடமா அது? நீங்களே வந்து பாருங்க.”

அனுமந்தன்பட்டி பாதை ஓரத்திலேயே இருக்கிறது. உத்தமபாளையத்துக்கு இரண்டு மைல். வேதக்கார ஊர், கிறிஸ்தவர்கள்தான் அதிகம். கம்பத்தில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரமாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்தோம். மாயாண்டி ஒரு வீட்டு வாசலில் நின்று, “ஆத்தா, மதுரையிலருந்து ஒருத்தர் வந்திருக்காக” என்று குரல் கொடுத்தார். அந்தோணியம்மாள் வெளியே வந்தார். நாற்பது வயது, கோயிலுக்குப் போட்ட முக்காடு இன்னும் தலையில் இருந்தது. கணவர் அணைக்குச் சுண்ணாம்பு சுடும் சூளையில் வேலை.

உள்ளே எதிர்ச் சுவரில் மாதா படம். அதற்குப் பக்கத்தில் மரச்சட்டத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால், என் சிவப்பு வெற்றிலை. கீழே அகல் விளக்கு. மல்லிகைச் சரம். இடது பக்கம் என் விரிசல்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அம்மா, இது எப்போதிருந்து இங்கே இருக்கிறது?” என்றேன்.

“ஏசுநாதரோட திரு இருதயத்தையா கேக்குறீக? சாமியாரு வந்து வீடு மந்திரிச்சு மூணு வருசமாகுது. எங்க வீட்டுக்காரருக்கு மலைக்காய்ச்சல் கண்டு பேச்சு மூச்சில்ல. மேல அணைக் கூடாரத்துல ஒரு தொரை ஒரு போத்தல் தண்ணி குடுத்தாரு. குடிச்சதும் கண்ணத் தொறந்தாரு. போத்தலப் பாத்தா இருதயம் இருக்கு. மேல சுவாலை எரியிது. நெஞ்சுல ஈட்டி குத்துன காயங்கூட இருக்கு. பதனமாப் பிச்சுக் கொண்டாந்தாரு.”

என் காம்பு அவருக்குச் சுவாலை. என் விரிசல் ஈட்டிக் காயம்.

“அதில் எழுத்து இருக்கிறதே, யாரும் படித்துச் சொல்லவில்லையா?”

“கோயில்ல வேதம் சொல்லிக்குடுக்கிற உபதேசியாரு பாத்தாரு. நம்ம தமிழ் மாதிரி இல்ல, இது லத்தீன்னு சொன்னாரு.”

அங்கேதான் எனக்குப் புத்தி போயிற்று. பத்து வருஷ அனுபவத்தில் வெட்டிய எழுத்து! எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் அதைத் தமிழ் என்றே கண்டுபிடிக்கவில்லை. “என்ன லத்தீன்! மதுரை இஞ்சிச் சோடா என்று எழுதியிருக்கிறது. அது வெற்றிலை. என் சோடாக் காகிதம்!” என்று கத்திவிட்டேன்.

 மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே நான் சோடாவுக்குப் பிடித்தது சாமியாகி மூன்று வருஷம் விளக்கு வாங்கியிருக்கிறது. அதை நான் ஒரே பேச்சில் இறக்கிவிட்டேன்.

அந்தோணியம்மாள் சட்டத்தை இறக்கிக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

“தெனம் அந்தக் காயத்துல வாய வச்சு முத்தி செஞ்சுதான்யா அடுப்புப் பத்த வைப்பேன். வித்துப் பொழைக்க ஒமக்கு வேற உருவமே கெடைக்கலையா? குடிச்சுட்டுத் தெருவுல போடுறாக. மாடு மிதிக்குது. சந்தையில அத்தனை போத்தல்லயும் இருதயமிருக்கேன்னு நான் ஓடி ஓடிப் பொறுக்கிட்டு வருவேன். ஒரு பொட்டி நிறைய வச்சிருக்கேன். இப்ப அத என்ன செய்யச் சொல்றீரு? எரிக்கவும் மனசு வரல, கும்புடவும் மனசு வரல.”

வந்தபோது ‘நீங்க’ என்றவர் ‘நீரு’ என்று ஆகிவிட்டார். எனக்கும் கோபம்தான். நான் வெற்றிலை வரைந்தேன், அவர் இருதயம் பார்த்தால் நானா பொறுப்பு? ஆனால் சட்டத்தை அவர் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பலகையில் வீடு மந்திரித்த தேதியை உபதேசியார் மையில் எழுதிவைத்திருந்தார். சீனிச்சாமியின் ஆடிக்கு இரண்டு வருஷத்துக்கு மேலே முந்திய சித்திரை. நான் தேடி வந்தது கையில் இருந்தது.

என் வழக்கைச் சொன்னேன். புதன்கிழமை வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று கெஞ்சினேன்.

“வர்றேன். உள்ளதச் சொல்லுறதுக்கு எனக்கென்ன? ஆனா ஒண்ணு. அது ஒம்ம குறின்னு தீர்ப்பாச்சுன்னா, இனி ஒரு போத்தல்லகூட அத ஒட்டப்படாது. இந்தா, மாதா மேல சத்தியம் பண்ணும்.”

குறியைக் காப்பாற்றத்தான் எழுபத்தேழு மைல் வந்திருக்கிறேன். காப்பாற்றினால் அதை விட்டுவிட வேண்டுமாம்! முடியாது என்று வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மாயாண்டி மாட்டைப் பூட்டவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சத்தியம் செய்யாவிட்டால் திருடன் பட்டத்தோடு இலையும் போகும், செய்தால் இலை மட்டும் போகும். அரை மணி நேரம் கழித்து இறங்கிப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன்.

திங்களும் செவ்வாயும் உத்தமபாளையம் சத்திரத்தில் கிடந்தேன். சாப்பாடு இரண்டு அணா, மோர் புளிப்பு. காளாத்தீஸ்வரர் கோயில் பார்க்க வேண்டியது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். சீனிச்சாமியின் வக்கீல் என் விரிசலை மாஜிஸ்திரேட்டிடம் காட்டிக் காட்டிப் பேசினார். கீறல் இல்லாததுதான் அசல், கீறல் உள்ளது அவசரத்தில் செய்த நகல் என்றார். அந்தோணியம்மாள் படச்சட்டத்தோடு சாட்சிக் கூண்டில் ஏறியதும் அவருக்கு இன்னும் உற்சாகம்.

“சாட்சியே இதைச் சாமி படம் என்றுதான் மாட்டியிருக்கிறார். சாமி படம் எப்படிச் சோடாக் குறியாகும்?”

“நான் என்னன்னு நெனச்சேங்கிறது என்னோட. போத்தல்லருந்துதான பிச்சாக? அதக் குடிச்சதும் எங்க வீட்டுக்காரருதான்” என்றார் அந்தோணியம்மாள்.

மாஜிஸ்திரேட் கேட்டார், “ஒரே மாதிரி இரண்டு இருக்கிறதம்மா. உன்னுடையது எதிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வாய்?”

அந்தோணியம்மாள் மேசையில் கிடந்த சீனிச்சாமியின் காகிதத்தைப் புறங்கையால் தள்ளினார். என்னுடையதில் விரலை வைத்தார். “இதுலதான் காயமிருக்கு. மூணு வருசமாத் தெனம் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?”

மதுரையிலிருந்து கொண்டுபோன கட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் வெட்கப்பட்ட அந்த விரிசலை நானே விரலால் தொட்டுக் காட்டினேன். மாஜிஸ்திரேட் சட்டத்தைக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தார், பின்பலகைத் தேதியை இரண்டு தடவை படித்தார். குறி என்னுடையது, கூடைகளைத் திருப்பிக் கொடு, சீனிச்சாமி இனி ஒட்டக்கூடாது, அபராதம் என்று முடித்தார். படச்சட்டம் மட்டும் சாட்சிப் பொருளாகக் கச்சேரியில் இருக்கும் என்றார்கள். அந்தோணியம்மாள் அதைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். தொடவில்லை. என்னைப் பார்த்து, “சத்தியம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

வியாழக்கிழமை கிளம்பிச் சனிக்கிழமை மாலை மதுரை சேர்ந்தேன்.

போகிறவர்களுக்கு: மாசி, பங்குனி நல்லது, மழையில் கம்பத்துக்கு மேல் சேற்றில் வண்டி அச்சு முறியும். மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொண்டுபோங்கள். ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் நடுவே தண்ணீர் கிடைக்காது. கூடலூரில் சீனிச்சாமி கடை சோடாவைக் குடிக்கலாம், நன்றாக இருக்கும், சொல்ல வயிறு எரிகிறது. வியாபாரிகளுக்கு: குறியைப் போட்ட அன்றே பதிந்துவிடுங்கள். எழுத்தை ஊர் உபதேசியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

நிர்ப்பந்தத்தில் செய்த சத்தியம்தானே, யார் பார்த்தார்கள் என்று என் மைத்துனர் தினமும் கேட்கிறார். புதுக் காகிதம் அடித்துவிட்டேன். சிவப்பு வட்டம், நடுவில் வாலே இல்லாத நேர் எழுத்து. குழந்தைகூட வாசிக்கும். பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை.

நேற்று சின்னமனூர்க் கடைக்காரர், புதுக் காகிதம் ஒட்டி நான் அனுப்பிய எட்டுக் கூடையையும் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு சீட்டு: “இலையைக் காணோம். இது போலி. அசல் மதுரைச் சோடா இருந்தால் அனுப்பவும்.”

சட்டப்படி அந்த இலை என்னுடையது. வேறு எவன் ஒட்டினாலும் நான் கச்சேரிக்கு இழுக்கலாம். கட்டை என் மேசைக்குள் துணியில் சுற்றியபடி இருக்கிறது. அந்தச் சீட்டைப் படித்ததும் ஆத்திரத்தில் அதை வெளியே எடுத்து, மைகூடத் தடவிவிட்டேன். விரிசலில் மட்டும் மை ஏறவில்லை. துடைத்து மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன்.